செல்லம்மாவின் காய்ச்சல்

முந்தாநாள் சமையல் பாதியில் இருக்கும்போதே காஸ் தீர்ந்துவிட்டது. பதுளையில் நல்ல மழை, கடைக்கு அனுப்ப ஆளில்லை. வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் மூன்று கல்லை வைத்து, நனைந்த கொய்யாக் கிளைகளைப் பற்றவைத்தேன். தீ வந்ததோ இல்லையோ, புகை வந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டிய அதே நொடியில் ஒரு கதைக்கு முதல் வாக்கியமும் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எனக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்ததே ஈர விறகுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட டீச்சர். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வீட்டில் பிறந்தவள்; அங்கே காய்ந்த விறகு வண்டியில் வந்து இறங்கும். தோட்டத்தில் கிடைத்ததோ மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற சுள்ளி. மழைக்காலத்தில் அதை எரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பகலெல்லாம் ஒரே அறையில் ஐந்து வகுப்பு. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால், நாலாம் வகுப்பு அதைவிடச் சத்தமாகத் தேவாரம் பாடும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு. அடுப்பைச் சமாளித்தால் என்னைக் கட்டிக்கொண்ட எங்கவர். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நல்ல வாக்கியம் உருண்டு திரண்டு வருகிற நேரம் பார்த்து, "ஏம்மா, சட்டைப் பித்தான் எங்க?" என்பார். பித்தான் கிடைக்கும், வாக்கியம் போய்விடும்.

ஒரு கையில் ஊதாங்குழல், மறு கையில் அகப்பை என்றால் பேனாவை எதில் பிடிப்பது? ஆகவே வாயால் எழுதினேன். வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பிடித்துப்போனால் இன்னொரு முறை சொல்வேன். சோறு வடித்த கையோடு ஓடிப்போய்க் காகிதத்தில் இறக்கிவிடுவேன். கஞ்சிக் கறை படாமல் நான் எழுதிய கதை ஒன்றுகூட இல்லை.

மிலாறு கொண்டுவந்து போடுகிறவள் பாக்கியம். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வருவாள். கட்டை இறக்கிய பிறகும் போகமாட்டாள், கதவோரம் நின்று கேட்பாள். நான் நிறுத்தினால், "அப்புறம் என்னாங்க ஆச்சு?" என்பாள். அவளுக்குப் பதில் சொல்லவே அடுத்த வாக்கியம் வரும்.

அந்த வருஷம் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் தீபாவளி மலருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. கதாநாயகி செல்லம்மா மாமியார் கொடுமையில் காய்ச்சலோடு கிடக்கிறாள், கடைசியில் சாகிறாள். யாராவது செத்தால்தான் இலக்கியம் என்று அப்போது எனக்கொரு நினைப்பு.

கேட்ட கதையைப் பாக்கியம் மறுநாள் மலையில் மற்றப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டே போக, கதையும் கூடவே போயிருக்கிறது. அதட்ட வேண்டிய கங்காணியும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாராம். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கம் முடிந்தது, செல்லம்மா செத்தாள்; பாக்கியம் அதை இன்னும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலையில் தபால் பை பண்டாரவளைக்குப் போக வேண்டும். அன்று மாலை பாக்கியத்தோடு நாலைந்து பெண்கள், கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் வாசலில் வந்து நின்றார்கள். பாக்கியம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"மாரியம்மன் கோயில் துன்னூறுங்க. செல்லம்மாவுக்குப் பூசி விடுங்க டீச்சர். எல்லாருமா வேண்டிக்கிட்டு வந்திருக்கோம்."

செல்லம்மா பதுளையில் இருக்கிற என் சொந்தக்காரி என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

"அப்படி யாரும் இல்ல பாக்கியம். நானா நெனச்சு எழுதுற கதை இது."

கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப ஒங்க கையிலதானே இருக்கு? எழுப்பி விட்டுருங்க."

பின்னால் நின்ற ஒருத்தி, "கஞ்சி ஏதாச்சும் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் போனதும் எங்கவரிடம் புலம்பினேன். "அவ செத்தா கதை அச்சுல வரும். பொழச்சா வராது. நான் என்ன பண்ணட்டும்?"

"எது பண்றதா இருந்தாலும் சோத்தப் போட்டுட்டுப் பண்ணு" என்றார்.

விடிந்ததும் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த ஈர மிலாறு ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. புதுப் பக்கத்தில் செல்லம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். தபால்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தியதால் அவளுக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் கொடுக்க முடியவில்லை.

செய்தி மலைக்குப் போனதும் பெண்கள் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். கதை சில வாரத்தில் திரும்பி வந்தது. முடிவு நம்பும்படியாக இல்லையாம். வருத்தம் இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஆனாலும் கதையில் ஒருத்தி பிழைத்ததற்குத் தேங்காய் உடைத்த கூட்டம் எத்தனை எழுத்தாளருக்கு வாய்த்திருக்கும்?

பிறகு நிறைய எழுதினேன், அச்சிலும் வந்தது. பாக்கியமும் அந்த நிரையில் பாதிப் பேரும் பின்னாளில் இரண்டு நாட்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள். எந்த ஊரில் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. என் கதைகளில் இன்றும் சிலர் சாகத்தான் செய்கிறார்கள். படிக்கிறவர்கள் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுப்பிவிடச் சொல்லி யாரும் வாசலுக்கு வருவதில்லை.