தங்கச்சிக்குக் கேட்ட செயின் சத்தம்

மனிதனுக்குப் பட்டப்பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்து வைக்க வேண்டும். மொட்டை என்று வைத்தால் முடி வளர்ந்ததும் சிரித்துவிட்டுப் போகலாம். குண்டு என்று வைத்தால் இளைத்துக் காட்டலாம். இந்த மெக்கானிக்குக் 'காது' என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெயர் சும்மா வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தெருவில் போகிற காரைத் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "அவனுக்கு பேரிங் போகப்போகுது, கூப்பிட்டுச் சொல்லுங்க" என்பார். கூப்பிட்டுச் சொல்வார்கள். போயிருக்கும். இப்படி நாலைந்து முறை நடந்ததும் ஊரே அவரைக் காது என்று கூப்பிட ஆரம்பித்தது. கடைக்குப் பலகை வைத்தபோதுகூட அதில் ஒரு காதை வரையச் சொன்னார். வரைந்தவன் சிப்பி மாதிரி வரைந்துவிட்டான், அது வேறு கதை.

இப்போது அவருக்கு அறுபதை நெருங்குகிறது. முழுச் செவிடு இல்லை. பேசுவது கேட்கும், லாரி ஹாரன் கேட்கும். மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்விட்டன. கைக்கடிகாரத்தின் அலாரம் போனது. அடுப்பில் கெட்டில் விசிலடிப்பது போனது. கடைசியில், இரும்போடு இரும்பு லேசாக உரசுகிற சத்தம், அவருக்குச் சோறு போட்ட சத்தம், அதுவும் போனது. மனைவிக்குத் தெரியும். டிவி அலறும்போது அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வாள். வேறு யாருக்கும் தெரியாது. காது என்று பெயர் எடுத்தவன் காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவருக்கு ஒரே தங்கச்சி. மருந்துக்கடையில் வேலை. அவள் புருஷனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவரைக் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினாள். குடும்பமே சிரித்தது. மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை நல்ல காலால் மிதித்துக்கொண்டே இருப்பார். ஆள் குள்ளம் என்பதால் அவள் ஒரு பூப்போட்ட மெத்தையைத் தைத்து சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினாள். ஓட்டியே காட்டினாள். அதற்குப்பின் அவள் நடையே மாறிப்போனது. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து, "அண்ணே, காத்து பாரு" என்று அதிகாரம் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அப்படி ஒருநாள் வந்தவள் பானட்டைத் திறக்கச் சொன்னாள்.

"காலையில ஸ்டார்ட் பண்றப்போ ஒரு சத்தம் வருதுண்ணே. டப்பாவுல கரண்டி போட்டு ஆட்டுற மாதிரி. கொஞ்ச நேரத்துல நின்னுடுது. இப்ப கேளு."

அவர் குனிந்து கேட்டார். எஞ்சின் ஓடுவது கேட்டது. கரண்டியும் கேட்கவில்லை, டப்பாவும் கேட்கவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா?"

"இதெல்லாம் ஒரு சத்தமா? எல்லா வண்டியிலயும் வர்றதுதான். பேசாம ஓட்டு."

"இல்லண்ணே, முன்னாடி இது..."

"ஏம்மா, வண்டியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதே சத்தத்தோடு ஓட்டினாள். ஒரு மாதம் போல ஆனதும் சத்தம் அவருக்கே கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைக் கேட்டதும் அவருக்கு ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது, கேட்கிறதே என்று. அடுத்த கணம் அது என்ன சத்தம் என்று புரிந்தது. டைமிங் செயின் தொய்ந்துவிட்டது.

வண்டியை விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் கைத்தடியோடு கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை நடக்கும் இடத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் உட்காருவதைப்போலக் கெடுதல் வேறில்லை.

எஞ்சினுக்குள் கீழே ஒரு தண்டு, பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுவது. மேலே இரண்டு தண்டுகள், வால்வுகளைத் திறந்து மூடுவது. கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் கட்டிப்போட்டு ஒரே தாளத்தில் ஓடவைப்பது செயின். தாளம் கொஞ்சம் தப்பினால், பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் வால்வு இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும். வளைவது வால்வுதான், பாவம்.

அதனால்தான் செயின் மாட்டியதும் சாவியைத் தொடக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கீழ்த் தண்டை ராட்செட் ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் இல்லாவிட்டால் உள்ளே காற்று அமுங்காது, பஞ்சு மாதிரி சுற்றும். எங்காவது நின்றால் முட்டுகிறது என்று அர்த்தம். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே காதுதான். மீறியவர்களை அவர் திட்டிய திட்டு அடுத்த தெருவரைக்கும் கேட்கும்.

அன்றைக்குச் செயினை மாற்றினார். அது ஓடுகிற வழிகாட்டிப் பட்டைகளை மாற்றினார், அதைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை மாற்றினார். புதுச் செயினில் நிறம் பூசிய கண்ணிகள் பல்சக்கரத்தின் குறிக்கு நேராக வர வேண்டும். மேலே ஒரு சக்கரத்தில் இரண்டு குறிகள் இருந்தன: ஒரு புள்ளி, ஒரு கோடு. புள்ளிதான் இந்த எஞ்சினுக்கு. கோடு, அதே சக்கரத்தைப் போடுகிற வேறொரு எஞ்சினுக்கு. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"மச்சான், இப்பல்லாம் இதுக்குக் கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்குறாங்களாமே? உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு! காது ஒண்ணு போதாதா?"

காதுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணியைக் கோட்டுக்கு நேராக வைத்தார். பிளக்குகளைக் கழற்றவுமில்லை. எத்தனை எஞ்சின் பார்த்த கை, எனக்கு எதற்கு அந்தச் சம்பிரதாயம் என்ற நினைப்பு. ராட்செட்டைப் போட்டுச் சுற்றினார். பிளக் இருந்ததால் இறுக்கமாகத்தான் வந்தது. ஒரு இடத்தில் அப்படியே நின்றது. காற்று அமுங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"என்ன மச்சான் அது? டிக்குனு ஒரு சத்தம்?" என்றார் மாப்பிள்ளை.

"எந்தச் சத்தம்?" என்றார் காது.

எல்லாவற்றையும் மூடி, எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடவில்லை, குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்தக் கோடு, கழற்றாத பிளக், செருகிய குழாய், அந்த டிக். முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை தடியை ஊன்றி எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, வாய் கூசாமல் ஒரு பொய் வந்து விழுந்தது.

"செயின் முன்னமே பல்லு தாண்டியிருக்கு மாப்ளே. சத்தத்தோடவே ஓட்டியிருக்கா. வால்வு அடி வாங்கியிருக்கு. இப்பதான் வெளிய தெரியுது."

வேண்டுமென்று அவள்மேல் போடவில்லை. பெயரைக் காப்பாற்ற ஓடிய ஓட்டத்தில் காலடியில் மிதிபட்டது தங்கச்சி. நான் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. மிதித்தது மிதித்ததுதான்.

"நான் அப்பவே சொன்னேன், இவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு," என்றார் மாப்பிள்ளை. "விடுங்க மச்சான். இனிமே அவ சாவியைத் தொட்டா என்னைக் கேளுங்க."

மறுநாள் வால்வுகள் இருக்கிற எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பக்கத்து லேத்துக்காரரிடம் கொண்டுபோனார். வால்வுகளை மாற்றி உட்கார வைப்பது அவர் வேலை. லேத்துக்காரர் வளைந்த வால்வு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிஸ்டன் முட்டிய இடம் பளபளவென்று வெள்ளித் தழும்பாக இருந்தது.

"இது பழைய அடி இல்லண்ணே. ஓடின வண்டின்னா கரி பிடிச்சுக் கறுத்திருக்கும். நேத்து பட்டது இது."

"வேலையைப் பாருய்யா," என்றார் காது.

லேத்துக்காரர் வேலையைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருக்கலாம். காது அந்த வால்வை எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. நடக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது.

இந்தமுறை புள்ளிக்கு நேராக வைத்தார். பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு விரலால் சுற்றினார், பஞ்சாகச் சுற்றியது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. அவருக்கு மட்டும் அதில் ஒரு துளி மகிழ்ச்சியில்லை.

வண்டியைத் தங்கச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே போனதும் அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பூப்போட்ட மெத்தை. வண்டி கடையில் நின்றபோதே அவள் வந்து அதை எடுத்துப் போயிருக்கிறாள். நாற்காலியில் மாப்பிள்ளை அதன்மேல் வசதியாக உட்கார்ந்திருந்தார். காது தங்கச்சியிடம் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அவர்கிட்டயே குடுண்ணே."

"உன் வண்டிம்மா."

"வேண்டாம்ண்ணே. பஸ் இருக்கு. உனக்குத்தான் என்னால வீண் சிரமம்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ அன்னிக்கு ஓட்டாதேன்னுதான் சொல்லியிருப்பே. எனக்குத்தான் சரியா விளங்கல போல. சத்தத்தையும் எனக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல."

அண்ணன் பொய் சொல்லியிருப்பான் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைவிடத் தன் ஞாபகம்தான் பொய் என்று முடிவு கட்டிவிட்டாள். காதுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூனிக்குறுகிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து வால்வை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவ மேல தப்பே இல்ல மாப்ளே. இதை வளைச்சது நான். குறியை மாத்தி வெச்சேன், குழாயைப் போட்டு அழுத்தினேன்."

மாப்பிள்ளை வால்வைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா உங்க அண்ணனை? தங்கச்சி மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. நீங்களாவது, தப்பாவது! மனுஷன்னா இப்படி இருக்கணும் மச்சான்."

பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுக்கிறார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் பெயரும் மிஞ்சியிருக்கும், பெருந்தன்மை என்று கூடுதலாக ஒன்றும் சேர்ந்திருக்கும். அந்த ஆசையும் அவருக்கு ஒரு கணம் வந்தது. வந்ததை நினைத்து இன்னும் கூசிப்போனார்.

"எனக்குக் காது கேக்கல," என்றார்.

சிரிப்பு நின்றது.

"ரொம்ப நாளாவே கேக்கல. நீ அன்னிக்குக் கேளுன்னு சொன்னியே, எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, எல்லா வண்டியிலயும் வர்றதுதான்னு சொல்லிட்டேன். நீ சரியாத்தான் சொன்னே. கரண்டி ஆட்டுற மாதிரின்னு சொன்னே. அதைவிட ஒழுங்கா யாராலயும் சொல்ல முடியாது."

மாப்பிள்ளை மெதுவாக வால்வைக் கையில் எடுத்தார். "டிக்குனு கேட்டுச்சே," என்றார் தனக்குள் பேசுவதுபோல. "நான் கேட்டேனே உங்ககிட்ட. எந்தச் சத்தம்னீங்க." அவர் பார்வையில் அந்தப் பழைய மரியாதை இல்லை என்பதைக் காது பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கச்சி அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நல்ல கோபத்தில் இருந்தாள். சாவியை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். புருஷன் பக்கம் திரும்பி, "எந்திரிங்க," என்றாள். அவர் தடியைத் தேடி எழுந்திருக்கும் முன்பே மெத்தையை உருவிக்கொண்டு வெளியே போனாள்.

காது பின்னாலேயே போனார். அவள் மெத்தையை சீட்டில் போட்டு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"செயின் சத்தம் இல்ல," என்றாள். "ஆனா வேற ஒண்ணு இருக்கு. மெலிசா, தகரம் ஆடுற மாதிரி."

அவருக்கு எஞ்சின் ஓடுவது மட்டும்தான் கேட்டது. இதே மாதிரி அவள் முன்பு சொன்னபோது வேறு பதில் சொல்லியிருந்தார். இப்போது பானட்டைத் திறந்து கையை உள்ளே நீட்டினார்.

"எனக்குக் கேக்கலம்மா. இறங்கி வந்து எங்கேன்னு சொல்லு."

அவள் இறங்கி வந்தாள். "இங்க இல்ல. இன்னும் கீழ. அந்தப் பக்கம்," என்று அவர் கையை வழி நடத்தினாள். புகைக்குழாயின் சூட்டை மறைக்கிற தகட்டின் ஓரத்தில் விரல் பட்டது, சுள்ளென்று சுட்டது. திருகாணி ஒன்றை இறுக்காமல் விட்டிருந்தார். தகடு அதிர்வது விரலுக்குத் தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் காதையும் அவர் தங்கச்சியையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

"அணைச்சிட்டு டிக்கியில இருக்கிற ஸ்பேனரை எடும்மா," என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் இறுக்கி முடித்ததும், அவரைக் கேட்காமலே மறுபடி ஸ்டார்ட் செய்து, சத்தம் நின்றுவிட்டதா என்று அவளே கேட்டுப் பார்த்துக்கொண்டாள்.