பெண்ணின் பெயரை யாரும் கேட்கவில்லை

ராஜதாஸ் அண்ணனைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. போலீஸ் வண்டியை மறித்துக் கொடி நட்ட வீரர் என்று சிலர் சொல்கிறார்கள். சர்க்கார் வேலைக்கு ஆசைப்பட்டு அகப்பட்டுக்கொண்டவர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டிலும் தப்பு இருக்கிறது. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன். சாயாக்கடையில் நடந்ததையும் ஸ்டேஷனில் நடந்ததையும் நான் நேரில் பார்க்கவில்லை. அங்கே இருந்த வேலாயுதன் அண்ணனிடமும் நேசையன் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் இருக்கிறது. ராஜதாஸ் அண்ணன் பாறசாலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் குமாஸ்தா. விடியும் முன்னே போய் இருட்டிய பிறகு வருவார். அந்த வேலையை விட்டுத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா ஆகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவதில் அவருக்கு இருந்த அனுபவம் இந்தத் தாலூக்காவிலேயே யாருக்கும் இருக்காது. அத்தனை தடவை தேடியிருக்கிறார், அத்தனை தடவையும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் உள்ள கலுங்கில், அந்தச் சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில், உட்காருவார். வேலை தேடுகிறவர்கள் சுற்றி நிற்பார்கள்.

"எலே, புதுச் சட்டை இட்டுக்கிட்டு இன்டர்வியூக்குப் போகாதே. கழுத்து சொறியும். நீ சொறியச் சொறிய எதிர்ல இருக்கப்பட்டவனுக்கும் சொறியத் தோணும். பிறகு உனக்க முகத்தைக் கண்டாலே அவனுக்குப் பிடிக்காது."

"நாற்காலியில உக்காருன்னு சொன்னா முழுசா உக்காரு. பாதி உக்காந்தா இவன் எழும்பி ஓடப்போறான்னு நினைப்பான்."

"இப்ப இருக்கிற முதலாளியைக் குற்றம் பறயாதே. நாளைக்கு நம்மளையும் இப்படித்தானே பறைவான்னு தோணும். எனக்க முதலாளி தங்கமான மனுசன், அவருக்க பஸ்ஸுதான் ஓடமாட்டேங்குன்னு சொல்லு."

சிரிப்பாகத்தான் சொல்வார். ஆனால் கேட்டவர்களுக்கு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் சம்பளம் வராமல் கஷ்டப்பட்ட விலாசினி டீச்சர் அவர் சொன்னபடி போய் டெலிபோன் ஆபீஸில் சேர்ந்தார். முதல் மாதம் ஒரு பொதி ஏத்தங்காய் வறுவல், எங்கள் பேச்சில் உப்பேரி, கொண்டுவந்து கொடுத்தார். சபையில் மணியடிக்கும் நேசையன் அண்ணன் அதில் பாதியைத் தின்றுகொண்டே கேலி செய்வார்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்லிக் குடுத்துட்டு நீ மட்டும் இந்தக் கலுங்கிலேயே இருக்கியே மக்கா?"

"நானும் எழும்பிப் போனா நீரு உப்பேரிக்கு எங்க போவீரு வோய்?" என்பார் இவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கமாட்டார். "உத்தரவு கையில வாறது வரை ஒருத்தருக்கும் தெரியாண்டாம். பெத்த தாய்க்கும் தெரியாண்டாம். ஊரு அறிஞ்சா முதலாளி அறிவான். இருக்கிறதும் போவும்." இதை அவர் தானும் கடைப்பிடித்தார். அதுதான் அவருக்குக் கேடாக முடிந்தது.

அப்போது இருந்த நிலைமையைப் பற்றியும் சொல்லவேண்டும். திருவிதாங்கூரின் தமிழ் பேசும் தெற்குத் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எங்கும் ஊர்வலமும் கூட்டமுமாக இருந்தது. விளவங்கோடு பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு போலீஸ் வண்டிகள் எங்கள் ரோட்டில் பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் பலகையை இறக்குவார்கள். வாலிபர்கள் வீட்டில் படுப்பதை விட்டு மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைகளில் படுத்தார்கள். ஒருநாள் சந்தை முக்கில் ஒரு போலீஸ் வண்டிக்கு முன்னால் யாரோ போராட்டக் கொடியை நட்டுவிட்டார்கள். கல் பறந்தது. ஒரு கான்ஸ்டபிளின் மண்டை உடைந்தது. கொடி நட்டவனைப் போலீஸ் தேடிக்கொண்டே இருந்தது. நட்டது தச்சுவேலை செய்யும் சத்தியராஜ் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ராஜதாஸ் அண்ணன் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கூட்டம் நடக்கும் நாளில் சந்தை முக்கைத் தவிர்த்து வயல்வழியாகச் சுற்றி வீட்டுக்கு வருவார். "அம்மைக்க முந்தானையைப் பிடிச்சிட்டு நடக்கான்" என்று ஆட்கள் காது கேட்கப் பேசினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. ஏனென்றால், யாருக்கும் தெரியாமல் அவர் ஒரு சர்க்கார் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். வயது வரம்பு முடிகிற நேரம். இது போனால் இன்னொன்று கிடையாது. ஆளைப் பற்றிய போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை, சந்தை கலைந்த நேரத்தில், வேலாயுதன் அண்ணனின் சாயாக்கடைக்கு ஒருவர் வந்தார். நடுவயது. வெளுத்த வேட்டி. கையில் குடை. அவர் போலீஸ்காரர். வேலைக்குத் தேர்வானவர்களைப் பற்றிச் சாதாரண உடையில் வந்து விசாரித்து எழுதுகிறவர். கடையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன் பெண்ணின் மாமனோ சிற்றப்பனோ சொல்லாமல் வந்து சாயாக்கடையில் உட்காருவார். தான் யாரென்று சொல்லமாட்டார். நாமும் கேட்கக்கூடாது. பையனைப் பற்றி நல்லதாகச் சொல்லி அனுப்புவது ஊர்க்காரர்களின் கடமை. கல்யாணத்தை முடக்கியவன் என்று பெயரெடுத்தால் அவன் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

"இஞ்ச ராஜதாஸ்னு ஒரு ஆளு உண்டா? பஸ் ஆபீஸில இருக்கப்பட்ட ஆளு?" என்று வந்தவர் கேட்டார்.

வேலாயுதன் அண்ணன் நேசையன் அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உண்டு, உண்டு. நல்ல பயலாக்கும். இரியும், சாயாவில கொஞ்சம் பாலு கூட்டி விடுதேன்."

"குடி, பீடி வல்லதும் உண்டா?"

"பீடிக்க மணம் அடிச்சாலே தும்முவான்," என்றார் நேசையன் அண்ணன். "ஞாயிற்றுக்கிழமை நான் ரெண்டாம் மணி அடிக்கும் முன்ன சபையில வந்து இருப்பான்."

"அடி பிடி?"

"அவனா? கோழி குறுக்கே வந்தா நிண்ணு வழிவிட்டுட்டுப் போற ஆளாக்கும்."

பேச்சு அங்கேயே முடிந்திருந்தால் ராஜதாஸ் அண்ணன் இன்று திருவனந்தபுரத்தில் இருப்பார். வந்தவர் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, குரலை மாற்றாமல் கேட்டார்: "இப்ப நடக்குத கூட்டத்துக்கெல்லாம் போவானா?"

 அதற்கு முந்தின மாதம்தான் நேசையன் அண்ணனின் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்த ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. ஊரே ரோட்டில் நிற்கும்போது வீட்டுக்குள் இருந்தவனுக்குப் பெண் இல்லை என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். அது அவருடைய நினைவுக்கு வந்தது.

"போவானாவா? அவன் இல்லாம கூட்டம் உண்டா வோய்?"

பெண்வீட்டார் வருகிறார்கள் என்றால் அடுத்த வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு அடுத்த வீட்டு வீரத்தை வாங்கிப் போட்டார்கள்.

வேலாயுதன் அண்ணன் குனிந்து சொன்னார்: "நீரு நம்ம ஆளுன்னதுனால பறயுதேன். அன்னைக்கு சந்தை முக்கில வண்டிக்கு முன்ன கொடி நட்டது ஆருன்னு நினைச்சீரு?"

வந்தவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆரு?"

"இவனாக்கும்!"

"கேள்விப்பட்டதா?"

"என்னத்தைக் கேள்வி? நானும் இந்த நேசையனும் நிண்ணு கண்டதுல்லா!"

வந்தவர் இருவருடைய பெயரையும் கேட்டார். இருவரும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். "கல்யாணக் கெட்டுக்கு விளிக்க மறக்காதீரும்," என்றார் நேசையன் அண்ணன். வந்தவர் சிரித்தார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அது மட்டும் கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றியதாக வேலாயுதன் அண்ணன் சொல்கிறார்.

செய்தி உடனே ராஜதாஸ் அண்ணனின் தாயார் செல்லபாய் அம்மைக்குப் போயிற்று. அவர் கோழியடித்துக் குழம்பு வைத்தார். இருட்டிய பிறகு ராஜதாஸ் அண்ணன் வந்தபோது வாசலில் நாலுபேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"மாப்பிள்ளே, உனக்குப் பெண்ணு வருகு!" என்றார் வேலாயுதன் அண்ணன்.

அவரும் முதலில் சிரித்தார். பிறகு, "பெண்ணுக்க பேரு என்ன?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை.

"ஊரு?"

அதுவும் தெரியவில்லை.

"எனக்க படிப்பு, சம்பளம், வீடு, நிலம், இதுல ஏதாவது கேட்டாரா?"

அப்போதுதான் அவர்களும் யோசித்தார்கள். வந்தவர் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ராஜதாஸ் அண்ணன் படியில் உட்கார்ந்தார். "கேட்டதையும் சொன்னதையும் ஒண்ணும் விடாம சொல்லுங்கோ," என்றார். அவர்கள் சொன்னார்கள். கொடி நட்டதாகச் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்ட பிறகு, தான் வேலைக்குத் தேர்வான செய்தியை ராஜதாஸ் அண்ணன் முதல்முறையாகத் தாயாரிடம் சொன்னார். நல்ல செய்தியைச் சொல்லும் முகம் அல்ல அது.

"சாப்பிட்டுட்டு ஆரல்வாய்மொழி கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் போயிரு மக்கா," என்றார் செல்லபாய் அம்மை.

"ஓடினா நான்தான்னு ஆயிரும் அம்மா. இருந்தா ஒருவேளை உத்தரவு வரும்."

அவருக்கு அப்போதும் ஆசை இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கலுங்கில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் பஸ் ஆபீஸுக்கு ஜீப் வந்தது. மதியம் இன்னொரு ஜீப் வந்து, கண்ணால் கண்ட சாட்சிகள் என்று வேலாயுதன் அண்ணனையும் நேசையன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் ராஜதாஸ் அண்ணன் சுவரோரமாக நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வேலாயுதன் அண்ணன் கும்பிட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னார்: "சாறே, நாங்க பறஞ்சது பொய்யாக்கும். பெண்ணு பார்க்க வந்த ஆளுன்னு நினைச்சுப் போச்சு."

அதிகாரி மலையாளம் கலந்து பேசுகிறவர். கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். கூட நின்ற கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். சாட்சிகள் இருவரும் பிழைத்தோம் என்று எண்ணித் தாங்களும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிப்பை நிறுத்தினார்.

"செரி. இவன் இல்லை. அப்போ ஆரு?"

அந்தக் கேள்வியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கண்ணால் கண்டதாகச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

அதிகாரி ராஜதாஸ் அண்ணனின் அருகில் போனார். நயமாகத்தான் பேசினாராம். "ஒரு பேரு பற. உனக்க ரிப்போர்ட்டை நான் இப்பவே நல்லதாக்கி அனுப்பிடுவேன். இந்த மாசமே நீ திருவனந்தபுரத்தில போய் ஜோலிக்குக் கேறலாம்."

ராஜதாஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலாயுதன் அண்ணனுக்கு அந்த நேரம் மிகவும் நீளமாக இருந்ததாம். இவன் சொல்லிவிடுவான் என்றே அவர் நினைத்தார். சொன்னாலும் தப்பில்லை என்றும் நினைத்தார்.

"எனக்குத் தெரியாது சாறே."

அதிகாரி திரும்பி நேசையன் அண்ணனின் வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் லத்தியை எடுத்தார். நேசையன் அண்ணனின் வாய் திறந்தது. சத்தியராஜ் பெயரின் முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது என்றே வேலாயுதன் அண்ணன் சொல்கிறார்.

"நான்தான் சாறே," என்றார் ராஜதாஸ் அண்ணன். "கொடி நட்டது நான்தான். இவங்க இப்ப பயந்து மாத்திப் பறயுதாங்க."

அது பொய் என்று அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எழுதிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

சத்தியராஜ் அன்றே ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ராஜதாஸ் அண்ணன் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று போலீஸ் சாதாரண உடையில் நின்று பார்க்கிறது. பஸ் கம்பெனியில் வேறு ஆள் வந்தாயிற்று. சர்க்கார் வேலை, பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவனுக்குப் போயிற்று. போராட்டக் கூட்டத்தார் மாலை கொண்டுவந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. மாலை வேலிக் கம்பில் கிடந்து காய்ந்தது. வேலாயுதன் அண்ணனின் கடையில் இப்போது தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் "அறியாது" என்பதுதான் பதில்.

எனக்குச் சென்ற வாரம் ஒரு இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. ராஜதாஸ் அண்ணனிடம் கேட்காமல் போக மனசு வரவில்லை. மத்தியானம் போனேன். கதவு சாத்தியிருந்தது. என் பெயரைச் சொன்னதும் உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னத்துக்கு வந்தே?"

"இன்டர்வியூ உண்டு அண்ணே. ஒண்ணு ரெண்டு கேக்கணும்."

உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வாறப்ப ரோட்டில ஆராவது நிண்ணானா?" என்று கேட்டார்.

"ஒரு ஆளு சைக்கிளைச் சாச்சு வச்சுட்டு நிண்ணான்."

"நீ இந்த நடையில திரும்பினதைக் கண்டானா?"

"கண்டான்."

ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. "மக்கா, இன்டர்வியூக்குப் போ. நல்லாப் பேசு. ஆனா இஞ்ச வந்தேன்னு ஆருட்டயும் பறயாதே. எனக்க நடையில ஏறினவனுக்கு இனி எங்கயும் ஜோலி கிட்டாது. பின்பக்கமா விளைவழி போ."

நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மரச்சீனி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. இலைகளை விலக்கிக்கொண்டு பாதிதூரம் வந்தபோது, விளையின் மறுகரை வரப்பில் இன்னொருவன் நிற்பது தெரிந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டான். நான் பக்கத்தில் வரட்டும் என்று அவசரமில்லாமல் காத்து நின்றான்.