அங்கம்மாவுக்கு ஏது போன்

ஜெயலெட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டக் கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பெயர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்; எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாமல் இராது.

நோயாளர் கொப்பிகளை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறோம் என்றார்கள். பாவிக்கிறவர்களின் தேவையைக் கேட்டே செய்வதாக எல்ல நகரில் ஒரு ஹோட்டலில் கூட்டமும் வைத்தார்கள். டாக்டர்மாரும் அதிகாரிமாரும் போய்க் கேக் தின்றுவிட்டு வந்தார்கள். தினமும் தட்டப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

அதைப் பழக்கிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து நிரோஷன் என்ற பையன் வந்தபோது நேராகவே கேட்டாள்.

"தம்பி, போன் நம்பர் போடாட்டி இது அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. லயத்துப் பொம்பளைக்கு ஏது தனிப் போன்? இருக்குற ஒண்ணும் புருஷன் சட்டைப் பையில."

"நல்ல பொயின்ட் அக்கா. அடுத்த தடவ சரி பண்ணிருவோம்."

பண்ணவில்லை. போனில்லாத பெண்களுக்கெல்லாம் அவள் தன் நம்பரையே போட்டாள். அடுத்த கிளினிக் நாளைச் சொல்லும் நினைவூட்டல்கள் அவள் போனுக்கு வந்து குவியும். வேலை முடிந்து போகும்போது குழாயடியில் அவரவர் காதில் போட்டுவிடுவாள். அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்: ஒரு நம்பர் ஒருத்திக்கு மட்டும். இதைச் செய்ய மட்டும் பாவிகளுக்கு நேரம் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் அங்கம்மா வந்தாள். இரண்டு பிள்ளைகளும் வயிற்றை வெட்டி எடுத்தவை. இன்னொன்று தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் சின்னராசாவுக்கோ ஆண் பிள்ளை வேண்டும். அவனுக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டு வந்தாள். பதியாமல் மருந்தில்லை, இல்லாத நம்பரைக் கம்ப்யூட்டர் ஏற்காது. அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அவனுடையது.

"அவரு போனுக்கு ஒண்ணும் வராதுல்லக்கா?"

"வராமப் பாத்துக்கிறேன், போ."

அன்றே நிரோஷனை அழைத்துச் செய்தியை நிறுத்தச் சொன்னாள். கோரிக்கையைப் பதிந்துவிட்டேன் என்றான். பதிந்ததோடு சரி. செய்தி போயிற்று, நல்ல தமிழில்: "உங்கள் அடுத்த கருத்தடை ஊசி நாளை."

மறுநாள் அங்கம்மா ஊசிக்கும் வரவில்லை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் வரவில்லை. பிறகு கொழுந்தெடுக்க வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஜெயலெட்சுமி நிரோஷனைத் திட்டினாள், எல்ல ஹோட்டல் கூட்டத்தைத் திட்டினாள், வாக்குக் கொடுத்த தன்னையும் திட்டினாள்.

சில மாதம் கழித்து அங்கம்மா மறுபடி மேசை முன்னால் வந்து நின்றாள். சின்னராசா வெளியே பெஞ்சில்.

"தங்கிருச்சுக்கா."

ஜெயலெட்சுமி கர்ப்பப் பதிவைத் திறந்தாள். நம்பர் ஏற்கெனவே இருந்தது. பொத்தானை அழுத்தியதும் வெளியே போன் சத்தம் போட்டது. சின்னராசா உரக்க வாசித்தான்: "வாழ்த்துகள்! நீங்கள் தாயாகப் போகிறீர்கள்."

அங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை.