பரோட்டா வண்டிக்கு ஒரு பவர் சப்ளை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பென்னலூரில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளை டப்பாதான் என் பெரிய ஆயுதம். எது ரிப்பேருக்கு வந்தாலும் முதலில் அதில் மாட்டிப் பார்ப்பேன். ஓடினால் பொருள் நல்லது, கோளாறு வேறெங்கோ. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஊக்கால் இணைத்தால் டப்பா உயிர் பெறும். ஆயிரம் முறை செய்திருப்பேன். இன்றைக்கும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுகிறேன்.

ஒருநாள் மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு கம்பெனி வேன் டிரைவர், எழுத்து ஓடும் போர்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மூடிப்போன பரோட்டா கடையில் வாங்கியது. 'சூடான பரோட்டா ரெடி' என்று ஓடும். எழுத்தை மாற்றும் ரிமோட் தொலைந்துவிட்டது. ஒரகடம் தொழிற்பேட்டைக்கு ஆளேற்ற எங்கள் தெருமுனையில் நிற்கும் ஏழெட்டு வேன்களும் வெள்ளை, ஒரே ஜாடை. இவருடைய ஆட்கள் பரோட்டாவைப் பார்த்துத்தான் ஏறுவார்கள்.

"நேத்து போர்டு பூட்ச்சு தம்பி. வேற கம்பெனி ஆளுங்க ஆறு பேர் ஏறிகினாங்க, நம்மாளுங்க ஆறு பேர் ரோட்ல நிக்கிறாங்க. இன்னைக்கும் ஆள் மாறுச்சுனா ட்ரிப்ப வேற வண்டிக்குக் குடுத்துடுவோம்னு கம்பெனில சொல்ட்டாங்க. ஒன்னேகாலுக்கு வண்டி எடுக்கணும்."

போர்டின் முதுகில் ஐந்து வோல்ட் என்று இருந்தது. என் டப்பாவில் சிவப்பு ஒயர் ஐந்து, ஆரஞ்சு மூன்று சொச்சம், மஞ்சள் பன்னிரண்டு. மஞ்சளைக் கொடுத்தால் பரோட்டா கருகிவிடும். டப்பாவை வெயிலுக்குக் கொண்டுபோனேன்.

"இது சிவப்புதானேண்ணே?"

"தக்காளி மாதிரி கீது. போடு."

"ஆரஞ்சு இல்லையே?"

"பொண்ணு பாக்கப் போனப்ப கூட நீ இவ்ளோ பாத்திருக்க மாட்ட."

மாட்டினேன். பரோட்டா பளிச்சென்று ஓடியது. போர்டு நல்லதென்றால், வேனில் பன்னிரண்டை ஐந்தாக்கித் தரும் குட்டி டப்பாதான் போயிருக்கிறது. அது என்னிடம் இல்லை. சென்னை போய்த்தான் வாங்க வேண்டும். மணி ஒன்று.

"அப்ப உன் டப்பாவையே வண்டில வெச்சுடு."

"அதுக்கு வீட்டு கரண்ட் வேணும்ணே."

"ஒயர் கீதுல்ல?"

இருந்தது. கடைக்குள்ளிருந்து தெருமுனை வேன் வரை எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தோம். வேன் கண்ணாடிக்குப் பின்னால் பரோட்டா ஓடியது. யாரும் ஒயரை மிதித்துவிடக் கூடாதே என்று நான் கைகளை விரித்துக் காவல் நின்றேன். எல்லாக் கம்பெனி யூனிபார்மும் நீலம்தான்; நீலச் சட்டைகள் ஏறின. நடுவில் பழுப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஏறியதும் டிரைவர் முகம் வெளிறியது.

"சார், நீங்க எந்த கம்பெனி?"

"கம்பெனி எல்லாம் இல்லைங்க. சால்னா தனியா கட்டுவீங்களா?"

அவரை இறக்கிவிட்டு எண்ணினால் கம்பெனி ஆட்கள் இருபத்திரண்டு பேரும் சரி. பிளக்கைப் பிடுங்கி நான் மூச்சு விடுவதற்குள் டிரைவர் கதவைத் திறந்தார்.

"நீயும் ஏறு. காலை ஷிப்ட்ட கூட்டியாரணும். கம்பெனி கேட்டாண்ட இருபது வண்டி நிக்கும். செக்யூரிட்டி ரூம்ல பிளக் கீது."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்த பிளக்கில் எர்த் இருக்குமா என்று ஒரகடம் வரை கேட்டுக்கொண்டே போனேன். இருந்தது. அங்கேயும் இருபத்திரண்டு பேர் பிசகாமல் ஏறினார்கள். பட்டியலோடு வந்த சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். பிறகு செக்யூரிட்டி அறை ஜன்னல் வழியே வந்த ஒயரையும், அதற்குக் காவலாக நின்ற என்னையும் பார்த்தார்.

"ட்ரிப்பு உனக்குதான். இவரு யாரு?"

"போர்டு எரியணும்னா இவரு வேணும் சார்," என்றார் டிரைவர்.

சூப்பர்வைசர் பட்டியலில் இருபத்திரண்டை அடித்து இருபத்துமூன்று என்று எழுதிக்கொண்டார்.