மை விலகிய தட்டு

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்துக்குள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்தபோது நானும் அம்மாவும் மட்டும்தான். பதினெட்டு வயது தாண்டிவிட்டதால், இந்தியா வர அண்ணன் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. அவன் அங்கேயே நின்றுவிட்டான். அங்கே தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்த பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஊட்டி காந்தலுக்கு மை பார்க்கப் போனாள். எங்கள் பழைய தோட்டத்தில் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார்கள். இங்கே குளிருக்கு விளக்கெண்ணெய் மை இறுகிவிடுமாம். அதனால் மைக்காரர் பித்தளைத் தட்டில் மெல்லிசாகத் தடவி, அடியில் விளக்கைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் நடுவிலிருந்த மை தானாக ஓரத்துக்கு விலகியது. பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

"வழி தொறக்குதுங்கம்மா. பையன் பொறப்பட்டாச்சுங்க."

அன்றிலிருந்து அம்மா மூன்று பேருக்கு ரொட்டி சுட்டாள். இருந்த இரண்டு கம்பளியில் ஒன்றை அவனுக்கென்று மடித்து வைத்தாள். மற்றொன்றுக்குள் நாங்கள் இருவரும் நடுங்கிக் கிடந்தோம்.

மறுபடி மறுபடி காந்தலுக்குப் போனோம். போகும்போதெல்லாம் மை விலகியது. விலகாமல் என்ன செய்யும்? சூடுபட்ட இடத்தில் எண்ணெயின் மேற்பரப்புக்கு இழுப்பு தளர்ந்துவிடும். குளிர்ந்த ஓரம் இறுக்கமாக இருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். ஆனால் ரொட்டிக் கல்லில் அதே கூத்து நடப்பதை அப்போதே பார்த்திருந்தேன். "இந்தா பாரும்மா, இங்கயுந்தான் எண்ணெ வழி விடுது" என்று காட்டினேன்.

"அது கல்லு. இது எம் புள்ள" என்றாள்.

அடுத்த கப்பலில் எங்கள் பழைய தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். "அக்கா, கலவரத்துலயே ஒங்க மகன வெட்டிட்டாங்க. நாங்கதான் அடக்கம் செஞ்சோம்."

நாங்கள் முதல் தடவை காந்தலுக்குப் போனபோதே அண்ணன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். அந்த மைக்காரன் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

அம்மா அழவில்லை. அடுப்பை மூட்டிக் கல்லை வைத்தாள். எண்ணெய் தேய்த்தாள். அது நடுவிலிருந்து விலகியது. ஓரத்துக்குப் போன எண்ணெயை விரலாலேயே நடுவுக்கு வழித்துவிட்டாள். மறுபடி விலகியது. மறுபடி வழித்தாள். தோல் பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுடி" என்றாள். "அந்த வழிய மூடணும்."