பெர்மீலியா தூக்கிய கை

சிறிய கொலராடோ. அதை ஆறு என்று சொன்னவன் வாயில் அந்தத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். வாளியில் பிடித்து வைத்தால் விடியும்போது பாதி சேறு. கோடையில் வெறும் மணல், மழை பெய்தாலோ வெறிபிடித்து ஓடும். ஊர் அமைக்கச் சொல்லி மார்மன் என்ற கிறிஸ்தவ சபை உட்டாவிலிருந்து அனுப்பிய குடும்பங்கள் வருஷம் தவறாமல் அதில் அணை கட்டின. ஆறும் வருஷம் தவறாமல் அடித்துக்கொண்டு போனது.

பெர்மீலியா வந்த நாள் முதல் அங்கே நிலைகொள்ளவில்லை. அவளுடைய பீங்கான் தட்டுகள் வைக்கோல் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தன. மணியடித்தால் ஊரே ஒரே கூடத்தில் சாப்பிட உட்காரும்; தனித் தட்டுக்கு அங்கே என்ன வேலை? வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் அவளே மசகு போட்டுத் தயாராக வைத்திருந்தாள். எப்போது கிளம்புகிறோம் என்று கணவன் அம்மோனை அரித்தெடுப்பாள்.

"சபை அனுப்பி வந்தோம். சபை விடுவிச்சாத்தான் போகணும். ஓடிப்போனவங்கன்னு பேர் வாங்கச் சொல்றியா?" என்பான்.

அவளும் விசுவாசிதான். மசகு டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போய்விடுவாள்.

அந்தக் கோடையிலும் அணை போயிற்று. சோளம் கருகியது. பொறுக்கமாட்டாமல், சேற்றில் நின்று உடைந்த அணையின் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்த ஊர்ச் சபைத் தலைவர் பிஷப் விட்கோமிடமே போய்விட்டாள்.

"பிஷப், எங்களை விட்டுடுங்க. போதும்."

அவர் நிமிர்ந்தார். "உங்களை வசந்தத்திலேயே விட்டாச்சே, சிஸ்டர்! பிரதர் அம்மோன் சொல்லலையா? 'பெர்மீலியாவும் இங்கயே இருக்கச் சம்மதிச்சுட்டா'ன்னு அவரே வந்து சொன்னாரே!"

அவள் சேற்றை மிதித்துக்கொண்டு விடுவிடுவென்று திரும்பினாள்.

அன்று மாலைக் கூட்டத்தில் புது அணைக்குச் சம்மதம் கேட்டார் பிஷப். எல்லாக் கைகளும் உயர்ந்தன, அம்மோனுடையதும். "எதிர்ப்பு யாராவது?" என்றார். சடங்குக்குக் கேட்கிற கேள்வி அது. அந்த ஊரில் அதற்கு எவரும் கை தூக்கியதில்லை. பெர்மீலியா தூக்கினாள்.

"சிஸ்டருக்குக் கை சுளுக்கோ?" என்றார் பின்வரிசையிலிருந்த ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"சுளுக்கு இல்ல. என் வீட்டுக்காரருக்கு வசந்தத்திலேயே விடுதலை குடுத்தாச்சாம். போகவேண்டிய மனுஷன் எந்த உரிமையில கை தூக்குறாரு? ஏங்க, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

அம்மோனின் காது சிவந்தது. "ஒரே ஒரு வருஷம், பெர்மீலியா. அணை நிக்கிறதப் பாத்துட்டு வந்துடறேன். இப்பப் போனா, இத்தன வருஷம் பட்டதெல்லாம் எதுக்கு?"

சம்மதத்துக்குத் தூக்கிய கையை அவன் இன்னும் இறக்கவில்லை. அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. சபை பிடித்துவைத்திருக்கிறது என்றல்லவா இவ்வளவு நாள் நம்பினாள்? சபை எப்போதோ விட்டுவிட்டது. இனி யாரிடம் போய்க் கெஞ்சுவது?

மறுநாள் உட்டாவுக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தின் வண்டிக்குப் பின்னால் அவள் வண்டியும் நின்றது. அம்மோனே மாடுகளைப் பூட்டினான். தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிவைத்தான்.

"நின்னதும் வந்துடறேன்."

"அது நிக்காதுங்க."

அவன் நுகத்தை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தான். "மேட்டுப் பாதையிலயே போ. ஆத்தோரம் சேறு."

அவள் சாட்டையை எடுக்குமுன்பே, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அணைப்பக்கம் நடந்தான்.