நின்ற வண்டியில் வந்த சத்தம்

கலியமூர்த்தி என்ற லாரி டிரைவரின் வேலையைப் பறித்தது என் கையெழுத்து. அவர்மேல் ஒரு தவறும் இல்லை என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாதானம் போல ஆகிவிடும்.

போன வருடம் வடலூர் நாலுமுனைச் சந்திப்பில் நின்றிருந்த ஒரு பழைய லாரி முதல் கியருக்குப் போகும்போது பல்லை நறநறவென்று கடித்தது. ஸ்கூட்டரில் நின்ற ஒருவர், "லைசென்ஸ எங்க வாங்கின, சந்தையிலயா?" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிக்கிற வண்டியில கியர் கத்தினா டிரைவர் என்னய்யா பண்ணுவான்?" என்று நானும் கத்தினேன். எழுபத்தாறு வயதில் நடுரோட்டில் கிளட்ச் பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்? வழி கிடைத்ததும் போய்விட்டார்கள். லாரி விட்டுப்போன எண்ணெய் வாடை மட்டும் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

எங்கள் கொட்டகையின் வாடை அது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒப்பந்த லாரிகளைப் பழுதுபார்க்கும் தகரக் கொட்டகை. பல வருடங்களுக்கு முன்பு நான் அங்கே இன்ஜினியர். வெள்ளைச் சட்டையில் கறை படாமல் வேலை பார்ப்பதைத் திறமை என்று நினைத்திருந்தவன். கியர் சத்தம் என்று ஒரு வண்டி வந்தால், அதைத் தொடுவதற்கு முன்பே படிவத்தில் 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று எழுதிவிடுவோம். பழுதைப் பிறகுதான் தேடுவோம். என்ன அநியாயம் பாருங்கள்! பெர்மனென்ட் ஆள் என்றால் விசாரணை உண்டு, சங்கம் உண்டு. கான்ட்ராக்ட் டிரைவரை அனுப்ப அந்த ஒரு வரி போதும்.

கலியமூர்த்தி சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர். நிலம் போனபின் அவரிடம் இருந்தது அந்த ஸ்டியரிங் மட்டும்தான்.

"ஓடும்போது கத்தினா எங்காலு மேல தப்பு சொல்லுங்க சார். நின்னுக்கினு இருக்கும்போதே கத்துதே. கிளட்சு முழுசா வுடல."

கிளட்சை மிதித்து, பத்து எண்ணி, ரிவர்ஸ் போட்டேன். அதற்குள் கியர்பாக்ஸுக்குள் சுழல்வதெல்லாம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, பல்லோடு பல் அரைத்தது. அன்று மட்டும் சட்டையைப் பார்க்காமல் வண்டிக்கடியில் படுத்தேன். மிதியையும் கிளட்சையும் இணைக்கும் கம்பியில் பின் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கிளட்ச் பாதிதான் விலகும். முந்தின வாரம் அந்த வண்டிக்குப் புது கிளட்ச் தட்டு போட்டபோது, இந்தக் கம்பியைப் பார்க்காமலே 'சரி' என்று எழுதியவன் நான்.

படிவத்தில் இருந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பின்னை மட்டும் மாற்றச் சொன்னேன். மறுநாள் வேறொருவர் அதே லாரியைச் சத்தமில்லாமல் ஓட்டிப்போனார். "பாத்தீங்களா சார், ஆளு மாறினதும் வண்டி ஒழுங்கா போவுது" என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வடலூரிலிருந்து வந்த மறுநாள், நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, விசாரித்துக்கொண்டு கலியமூர்த்தியின் மகன் வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்புறம் எவனும் எனக்கு வண்டி குடுக்கல சார். அந்த கியர் சத்தத்த வெச்சி ஊர்ல எனக்குப் பேரே 'கிர்ரு'தான். 'தே, கிர்ரு வரான், ஒதுங்கு'ம்பானுங்க. மொவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட 'கிர்ரு வூடுதானே'ன்னு கேட்டாங்க."

"வாங்க, உங்க ஊர்ல எல்லார் முன்னாடியும் நானே இதப் படிக்கிறேன்."

அவர் சிரித்தார். "எந்த ஊர்ல சார்?"

ஊர் இருந்த இடம் இப்போது சுரங்கப் பள்ளம். ஜனங்கள் நாலு திசைக்கும் போய்விட்டார்கள். அவர் சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடினேன். ஒரே ஒருவர் அகப்பட்டார். இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அடப் பாவமே, நம்ம கிர்ரா?" என்றார். "நல்லாக்கீறானா?"